இழுத்தால் போதுமா? நிறுத்த வேண்டாமா?



கிராமத்தில் ஒரு வீட்டில் டிராக்டர் வாங்கப் போகிறார்கள் என்றால், முதலில் எழும் கேள்வி "எத்தனை எச்.பி.?" என்பதுதான். பக்கத்து வீட்டில் 35 என்றால் நமக்கு 45 வேண்டும் என்பார்கள். ஆழ உழுவதற்குக் குதிரைத் திறன் தேவைதான். ஆனால் கரும்பும் செங்கல்லும் இழுக்கவே டிராக்டர் வாங்குபவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுவல்ல என்பது என் கருத்து. ஏன் என்று உங்கள் பாடத்தில் உள்ள இயற்பியலைக் கொண்டே கணக்கிடுவோம்.

டிராக்டர் 2 டன், பாரம் ஏற்றிய டிரெய்லர் 6 டன், ஆக 8 டன் என்று கொள்வோம். இதன் எடை ஏறத்தாழ 80,000 நியூட்டன். சமதளத் தார்ச்சாலையில் சக்கரம் உருள்வதற்கான எதிர்ப்பு, எடையில் நூற்றில் இரண்டு பங்கு எனலாம். அதாவது 1,600 நியூட்டன். மணிக்கு 20 கி.மீ. என்பது விநாடிக்கு 5.6 மீட்டர். விசையை வேகத்தால் பெருக்கினால் திறன் சுமார் 9,000 வாட். ஒரு குதிரைத் திறன் 746 வாட். ஆகவே தேவைப்படுவது 12 குதிரைத் திறனே! இருபதுக்கு ஒன்று என்ற ஏற்றத்தில் மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் ஏறவும் 21 போதும்.

இனி நிறுத்துவதைப் பார்ப்போம். பெரும்பாலான டிராக்டர்களில் பின்சக்கரங்களுக்கு மட்டுமே பிரேக் உண்டு. அவற்றின்மேல் சுமார் 1,300 கிலோ அழுத்துகிறது. உராய்வுக் கெழு 0.7 என்றால் தடுக்கும் விசை ஏறத்தாழ 9,000 நியூட்டன். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வரும் வெறும் டிராக்டர் இந்த விசையால் சுமார் 8 மீட்டரில் நின்றுவிடும். பிரேக் இல்லாத டிரெய்லரும் பாரமும் சேர்ந்தால் 31 மீட்டர் ஓடும். அதே வண்டி பாலத்திலிருந்து முன்சொன்ன சரிவில் இறங்கினால், தடுக்கும் விசையில் 4,000 நியூட்டனைச் சரிவே விழுங்கிவிடும். வண்டி நிற்க 55 மீட்டருக்கு மேல் வேண்டும். அந்தத் தூரத்துக்குள் பள்ளி விட்டு வரும் ஒரு குழந்தை சாலையைக் கடந்தால்?

குதிரைத் திறனைக் கூட்டினால் இந்தத் தூரம் ஓர் அடிகூடக் குறையாது. டிரெய்லர் சக்கரங்களுக்கும் பிரேக் இருந்தால் குறையும். நம்மைப் பின்னாலிருந்து தள்ளும் அதே பாரம், அப்போது சக்கரங்களைத் தரையில் அழுத்தி நிறுத்தவும் உதவும்.

"அதற்குப் பணம்?" என்பீர்கள். குறைந்த திறனுள்ள வண்டியை எடுப்பதால் ஒரு லட்சம் ரூபாய்க் கடன் மிச்சமாகிறது என்று கொள்வோம். 10 சதவீத 'பிளாட்' வட்டியில் ஐந்தாண்டுக்கு அதன் வட்டி மட்டும் 50,000 ரூபாய். மாதந்தோறும் அசல் குறைந்துகொண்டே வந்தாலும் முழு அசலுக்கே வட்டி போடுவதால், உண்மை வட்டி 17 சதவீதத்தைத் தாண்டுகிறது. இந்தக் கணக்கையும் அப்பாவுக்குப் போட்டுக் காட்டுங்கள்.

நண்பர்களே, அடுத்த முறை வீட்டில் டிராக்டர் பேச்சு எழுந்தால், "எத்தனை எச்.பி.?" என்று மற்றவர்கள் கேட்கட்டும். "டிரெய்லருக்குப் பிரேக் உண்டா?" என்று நீங்கள் கேளுங்கள். இல்லையென்றால், திருவிழாவுக்குப் போக அந்த டிரெய்லரில் மட்டும் ஏறாதீர்கள்.