கழகம் யாருடையது?

சித்திரை வருடப்பிறப்பு நெருங்கினால் றொசல்லயிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டிப் பேச்சு தொடங்கிவிடும். எத்தனை அணி வரும், கிண்ணம் யார் கொடுப்பது, ஜேர்சிக்கு யாரிடம் போய்க் கேட்பது என்று இளைஞர்கள் அலைவார்கள். கடைசிக் கேள்விக்கு ஆண்டுதோறும் ஒரே விடைதான்: காசுள்ள ஒருவரைப் பிடிப்போம். டவுனில் ஒரு கடை முதலாளி, தேர்தல் வருகிறதென்றால் ஓர் அரசியல்வாதி, சில வேளைகளில் தொழிற்சங்கம். கொடுத்தவர் பெயர் ஜேர்சியின் நெஞ்சில் ஏறும். தோட்டத்தின் பெயர் முதுகுக்குப் போகும்.

உதவி கேட்பதை நாம் குறை சொல்லவில்லை. வெறுங்காலோடு விளையாடும் பிள்ளைக்கு ஒரு சோடி சப்பாத்து வாங்கிக் கொடுப்பவரை வாழ்த்துவோம். ஆனால் உதவி வாங்குவது வேறு, கழகத்தையே கையில் கொடுப்பது வேறு. இந்த வித்தியாசத்தை உணர்த்தும் உண்மைக் கதை ஒன்று உண்டு. நம் முன்னோரைப் போலவே கப்பலேறிப் போன கூலித் தொழிலாளரின் வழிவந்தவர்கள் கட்டியெழுப்பிய ஒரு கழகத்தின் கதை அது. தென்னாபிரிக்காவின் டேர்பன் நகரத்து மெனிங் ரேஞ்சர்ஸ் கழகம்.

1860 நவம்பர் 16 ஆம் திகதி, சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்ற கப்பல் 342 பேருடன் டேர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டால் மாநிலத்துக் கரும்புத் தோட்டங்களுக்காகக் கொண்டுவரப்பட்ட முதல் தொகுதி இது. ஐந்து வருட ஒப்பந்தம், மாதம் 10 சிலிங் சம்பளம். 1911 இல் இந்த ஆட்சேர்ப்பு நிறுத்தப்படும்வரை ஒன்றரை இலட்சத்துக்கும் அதிகமானோர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்தால் போனவர்கள், தமிழரும் தெலுங்கரும். நம்மவர்கள் கங்காணியின் பின்னால் மலையேறினார்கள். அவர்கள் ஒப்பந்தத் தாளில் கைநாட்டு வைத்துக் கடல் கடந்தார்கள். வழி வேறு, வறுமை ஒன்று. ஒப்பந்தம் முடிந்த பிறகும் அங்கேயே தங்க விரும்பியவர்கள் தலைக்கு மூன்று பவுண் வரி கட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. 1913 இல் நேட்டாலின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரும் கரும்புத் தோட்டத் தொழிலாளரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். அடுத்த ஆண்டே அந்த வரி நீக்கப்பட்டது.

அந்த மக்கள் கோயிலும் பள்ளிக்கூடமும் கட்டிய அதே கையால் உதைபந்தாட்டக் கழகங்களையும் கட்டினார்கள். 1903 அளவிலேயே தென்னாபிரிக்க இந்தியரின் உதைபந்தாட்டச் சங்கம் அமைந்துவிட்டது. 1928 இல் டேர்பனில் மெனிங் ரேஞ்சர்ஸ் தொடங்கப்பட்டது. வெள்ளையரின் மைதானத்தில் அவர்களுக்கு இடமில்லை, வெள்ளையரின் லீக்கிலும் இடமில்லை. அதனால் தங்களுக்கென்று ஒரு விளையாட்டு உலகத்தைத் தாங்களே அமைத்துக்கொண்டார்கள்.

1948 ஆம் ஆண்டை நாம் மறக்கமாட்டோம். நம்முடைய குடியுரிமையைப் பறித்த சட்டம் அந்த வருடம்தான் வந்தது. தென்னாபிரிக்காவில் நிறவெறிக் கட்சி ஆட்சிக்கு வந்ததும் அதே வருடம்தான். 1950 இல் அங்கே இனத்துக்கு ஒரு பிரதேசம் என்று சட்டம் போட்டார்கள். டேர்பனில் பல தலைமுறையாக வாழ்ந்த இந்தியக் குடும்பங்கள் வேரோடு பிடுங்கப்பட்டு, 1960 களில் சட்ஸ்வேர்த் என்ற புதிய குடியிருப்புக்கு அனுப்பப்பட்டன. வீடு போனது, அயல் போனது. கழகம் போகவில்லை. பிற்காலத்தில் சட்ஸ்வேர்த் விளையாட்டரங்கமே மெனிங் ரேஞ்சர்ஸின் தாய்மைதானம் ஆனது. அதைவிட முக்கியமாக, இனபேதம் பார்க்காத கழகங்கள் சேர்ந்து 1969 இல் தொடங்கிய சம்மேளன லீக்கில் ரேஞ்சர்ஸும் விளையாடியது. இனத்துக்கு ஒரு லீக் என்று அரசாங்கம் பிரித்து வைத்திருந்த காலத்தில், ‘எல்லோரும் ஒரே மைதானத்தில்’ என்பது வெறும் விளையாட்டுப் பேச்சல்ல. அது ஓர் அரசியல் நிலைப்பாடு.

நிறவெறி ஆட்சி முடிந்தது. 1996 இல் நாடு முழுவதற்குமான புதிய பிரிமியர் லீக் உருவானது. கைசர் சீவ்ஸ், ஒர்லாண்டோ பைரட்ஸ் என்று இலட்சக்கணக்கான இரசிகர்களைக் கொண்ட பெரிய கழகங்கள் அதில் இருந்தன. முதலாவது வருடக் கிண்ணம் அவர்களில் ஒருவருக்குத்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். 1997 இல் அந்தக் கிண்ணத்தை எடுத்தது சட்ஸ்வேர்த்தின் சின்னக் கழகம். பயிற்றுநர் கோர்டன் இகசுண்ட். வீரர்களோ பல இனத்தவர். இந்தியர் தொடங்கிய கழகம் எல்லோருடைய கழகமாக நின்று வென்றது. அடுத்த வருடம் ஆபிரிக்கக் கழகங்களின் சம்பியன்ஸ் லீக்கில் குழுச் சுற்றுவரைக்கும் போனது. கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் கண்டத்தின் மேடையில் நின்றார்கள்.

அதன் பிறகு இறக்கம். தொழில்முறை லீக் என்பது பெரும் செலவு. விமானப் பயணம், விடுதி, வீரர் சம்பளம் என்று மாதா மாதம் பணம் போகும். நல்ல வீரர்களைப் பெரிய கழகங்கள் வாங்கிக்கொள்ளும். பயிற்றுநரும் வேறு கழகங்களுக்குப் போய் அங்கும் கிண்ணங்கள் வென்றார். பத்து வருடத்துக்குள் ரேஞ்சர்ஸ் கீழ்ப் பிரிவுக்கு இறங்கி, பணமுடையில் சிக்கியது.

அந்த லீக்கில் ஒரு கழகத்தின் ‘இடம்’ விற்கக்கூடிய பொருள். கடை லைசன்ஸ் கைமாறுவதைப் போல, லீக்கில் இருக்கும் இடத்தை ஒருவர் இன்னொருவருக்கு விற்கலாம். வாங்கியவர் பெயரை மாற்றலாம், ஊரையும் மாற்றலாம். 2006 இல் கேப் டவுனைச் சேர்ந்த ஃபிடென்ஷியா என்ற முதலீட்டு நிறுவனம் ரேஞ்சர்ஸின் இடத்தை வாங்கியது. கழகத்தின் பெயர் ‘ஃபிடென்ஷியா ரேஞ்சர்ஸ்’ ஆனது. ஊரும் கேப் டவுன் ஆனது. 78 வருடப் பெயர் ஒரு கையெழுத்தில் போனது. மைதானத்தில் நின்று தொண்டை கிழியக் கத்திய சட்ஸ்வேர்த் மக்களுக்கு அந்தக் கையெழுத்தில் என்ன பங்கு இருந்தது?

கதை அதோடு முடியவில்லை. தொழிலாளர் பத்திரிகை ஒன்று இதை எழுத வேண்டிய காரணமே இனித்தான் வருகிறது. 2007 பெப்ரவரியில் அந்த ஃபிடென்ஷியா நிறுவனத்தை நீதிமன்றம் தன் பொறுப்பாளர்களிடம் ஒப்படைத்தது. அந்த நிறுவனம் கையாண்ட பணத்தில் பெரும்பகுதி யாருடையது தெரியுமா? சுரங்கங்களில் வேலை செய்து இறந்த தொழிலாளரின் விதவைகளுக்கும் பிள்ளைகளுக்கும் உரியது. 40,000 க்கும் மேற்பட்ட குடும்பத்தினருக்காக ஒரு நம்பிக்கை நிதியில் வைக்கப்பட்டிருந்த, ஒரு பில்லியன் ராண்டுக்கும் அதிகமான தொகை. நிறுவனத்தின் தலைவருக்கு 2014 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் 15 வருடச் சிறைத்தண்டனை விதித்தது. கழகத்தின் இடம் இன்னொரு கைக்கு மாறி, ரேஞ்சர்ஸ் என்ற பெயரும் இல்லாமல் போனது.

சுரங்கத் தொழிலாளியின் வீட்டில் அடுப்பெரிய வேண்டிய பணத்தை வைத்திருந்தவர்களே, கரும்புத் தொழிலாளியின் பேரப்பிள்ளைகளின் கழகத்தையும் வாங்கினார்கள். இரண்டு இடத்திலும் உரிமைக்காரர்கள் தொழிலாளர் குடும்பங்கள். இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டவர்கள் வேறு யாரோ.

இதிலிருந்து நாம் என்ன எடுத்துக்கொள்ளப் போகிறோம்? பணக்காரர் எல்லோரும் கள்ளர் என்பதல்ல பாடம். நிறவெறிச் சட்டத்தால் அழிக்க முடியாத கழகத்தை ஒரு விற்பனை ஒப்பந்தம் அழித்தது. உரிமை எழுத்தில் யார் பெயரில் இருக்கிறது என்பதே கேள்வி.

இந்தக் கேள்வியை முதலில் நம் கழகங்களிடம் கேட்போம். நம் தோட்டங்களில் எத்தனை கழகங்களுக்கு எழுதிய யாப்பு இருக்கிறது? எத்தனை கழகங்களின் காசு ஒருவருடைய சட்டைப் பையில் இல்லாமல் வங்கிக் கணக்கில் இருக்கிறது? சந்தாப் பணம் கொழுந்து பறிக்கும் அம்மாவின் சம்பளத்திலிருந்துதான் வருகிறது. அந்த அம்மா கழகக் கூட்டத்தில் கணக்குக் கேட்டதுண்டா? கழகத்தைப் பதிவு செய்யுங்கள். இரண்டு பேர் கையெழுத்திட்டால் மாத்திரம் பணம் எடுக்கக்கூடிய கணக்கைத் திறவுங்கள். வருடத்துக்கு ஒரு முறை, கிண்ணம் கொடுக்கும் அதே மேடையில், வரவையும் செலவையும் வாசியுங்கள். நிர்வாகக் குழுவில் பெண்களும் இருக்கட்டும். மைதானம் தோட்டக் காணி; அதை விளையாட்டுக்கென்றே ஒதுக்கியதாகத் தோட்ட நிர்வாகத்திடம் கடிதம் வாங்கி வையுங்கள். துரை மாறுவார், கம்பனி மாறும். கடிதம் இருந்தால்தான் பேச்சு நிற்கும்.

அடுத்து, சேமலாப நிதி. நம் சம்பளத்தில் 8 வீதம் வெட்டுகிறார்கள். தொழில்கொள்வோர் 12 வீதம் சேர்க்க வேண்டும். நம்பிக்கை நிதிக்குத் தொழில்கொள்வோர் கட்ட வேண்டியது 3 வீதம். இது யாரும் தரும் கொடை அல்ல, நம்முடைய சம்பளமே. அங்கத்துவ இலக்கம் சரியா, பெயரும் அடையாள அட்டை இலக்கமும் ஒத்துப்போகின்றனவா, ஒவ்வொரு மாதப் பணமும் போய்ச் சேர்ந்திருக்கிறதா, இறந்துவிட்டால் பணம் யாருக்கு என்று பின்னுரித்தாளி பெயர் கொடுத்திருக்கிறோமா என்று வீட்டுக்கு வீடு பாருங்கள். அந்தச் சுரங்கத் தொழிலாளரின் விதவைகளுக்கு நேர்ந்ததை நினைத்துக்கொண்டு பாருங்கள். கணக்கறிக்கை விளங்காவிட்டால் படித்த பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். பிழை இருந்தால் தோட்டத் தலைவரிடம் எழுத்தில் கொடுங்கள்.

கடைசியாக, எங்களிடமும் கேளுங்கள். மாதச் சந்தா வாங்கும் தொழிற்சங்கமும் ஒரு கழகம்தான். வருடாந்தக் கணக்கை அங்கத்தவர் முன் வைக்காத சங்கத்துக்குத் தோட்ட நிர்வாகத்திடம் கணக்குக் கேட்கும் தகுதி இல்லை.

இந்தச் சித்திரைக்கும் பந்து உருளட்டும். நன்கொடை கொடுப்பவருக்கு நன்றி சொல்லுங்கள், மாலையும் போடுங்கள். ஜேர்சியின் நெஞ்சில் மாத்திரம் தோட்டத்தின் பெயர் இருக்கட்டும்.