வாயுள்ள பிள்ளைக்கு மட்டும்தானா வேலை?



வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அப்படியானால் கையுள்ள பிள்ளை என்ன செய்வது?

நம்ம தோட்டத்துப் பையன் ஒருவன். டிராக்டர் எஞ்சினைப் பிரித்து மாட்டுவான், வெல்டிங்கும் தெரியும். ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் பட்டறை வேலைக்கு இண்டர்வியூ போனான். "உன்னைப் பற்றிச் சொல்" என்று மலாயில் கேட்டார்கள். பயலுக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. பிறகு, அப்பா என்ன வேலை, எந்தத் தோட்டம் என்றார்கள். பத்தே நிமிடம், முடிந்தது. "அண்ணே, ஒரு ஸ்பேனரைக்கூட என் கையிலே கொடுக்கலியே!" என்றான் என்னிடம். வேலை கிடைக்கவில்லை.

என் அப்பா காலத்தில் பால்மரம் சீவ ஆள் எடுக்கும்போது, மண்டோர் கத்தியைக் கொடுத்து மரத்தைக் காட்டுவார். பட்டையை அளவாகச் சீவுகிறானா, மரத்தைக் காயப்படுத்துகிறானா என்று பார்ப்பார். அதுவும் பொற்காலம் இல்லை. மண்டோருக்கு வேண்டியவன், வேண்டாதவன் என்பது அப்போதும் உண்டு. ஆனால் கையைப் பார்த்தார்கள்.

நேர்முகத் தேர்வே கூடாது என்று நான் சொல்லவில்லை. கடுதாசியை மட்டும் பார்த்து ஆள் எடுத்தால், எஸ்.பி.எம். சான்றிதழ் இல்லாத நம் பிள்ளைகளின் மனு நேரே குப்பைக் கூடைக்குத்தான் போகும். கேட்கிற முறையில்தான் கோளாறு. ஷ்மிட், ஹண்டர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 85 ஆண்டு ஆராய்ச்சிகளைத் தொகுத்து 1998ல் வெளியிட்டார்கள். மனம்போன போக்கில் பேசி ஆள் எடுப்பதைவிட, எல்லாருக்கும் ஒரே கேள்வி கேட்டு, ஒரே அளவில் புள்ளி போடுவதே நல்ல வேலையாளைக் காட்டித் தரும் என்று கண்டார்கள். வேலையைச் செய்யச் சொல்லிப் பார்ப்பதும் நல்ல வழியே என்றார்கள். 2022ல் வேறு சிலர் அந்தக் கணக்கை மறுபடி போட்டபோதும், ஒரே கேள்வி முறைதான் முன்னால் நின்றது.

ஆகவே நிர்வாகங்களைக் கேட்கிறோம்: வேலைக்குத் தேவையானதைக் கேளுங்கள். எல்லாரையும் அதையே கேளுங்கள். கைவேலைக்கு ஆள் எடுத்தால் கையைச் சோதியுங்கள். இது தருமம் இல்லை, நியாயம்!

இன்னொன்று. "சங்கத்தில் இருக்கிறாயா?" என்று சில இடங்களில் கேட்கிறார்கள். சங்க உறுப்பினர் என்பதற்காக வேலை மறுக்கக் கூடாது என்று 1967ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறது. அப்படிக் கேட்டால் யார், எப்போது கேட்டார் என்று எழுதி வைத்துக்கொண்டு, கிளைச் செயலாளரிடம் வாருங்கள்.

தம்பி, தங்கைகளே, நம் பங்கும் உண்டு. செய்த வேலைகளை மலாயில் ஐந்து நிமிடம் சொல்லிப் பழகுங்கள். பெற்றோர்களே, சாயங்காலம் பிள்ளையை எதிரே உட்காரவைத்துக் கேள்வி கேளுங்கள். வாய் தடுமாறினால், "செய்து காட்டட்டுமா?" என்று தைரியமாகக் கேட்கட்டும்.

அந்தப் பையன் இப்போது பட்டணத்தில் ஒரு லாரிப் பட்டறையில் இருக்கிறான். அங்கே தவுக்கே ஊரையும் கேட்கவில்லை, பேரையும் கேட்கவில்லை. ஓடாத பம்பு ஒன்றைக் காட்டி, "பாரு" என்றார். அரை மணியில் பம்பு ஓடியது.

அதுதான் நேர்முகத் தேர்வு!