ஜீப்புக்கு எண்ணெய் கூலர் வேண்டுமா?

மேலப்பாளையம் செவ்வாய்க்கிழமைச் சந்தையில் மாடு வாங்குகிறவர் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் பணத்தை எடுக்க மாட்டார். அவரே ஜீப் வாங்கப் போனால் என்ன பார்க்கிறார்? பெயிண்டையும் பெரிய டயரையும்தான்! வண்டியின் வயிற்றில் இருக்கும் கியர் பெட்டியை நினைப்பதே இல்லை.

இப்பொழுது கிளட்ச் மிதி இல்லாத ஜீப்புகள் ஓடுகின்றன. 'ஆட்டோமேட்டிக்' என்கிறார்கள். இதில் எஞ்சினின் சுழற்சியைக் கியர் பெட்டிக்குக் கொண்டு போவது எண்ணெய். இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து, ஒன்றை மட்டும் ஓட விடுங்கள். அதன் காற்றில் மற்றதும் சுற்றும் அல்லவா? அதே வேலைதான். காற்றுக்குப் பதில் எண்ணெய்.

சமவெளியில் கவலை இல்லை. மணிமுத்தாறு தாண்டி மாஞ்சோலைக்கு ஏறும் பாதை போன்ற இடங்களில்தான் சங்கடம். கல்லும் குழியும், ஆமை வேகம், வண்டி நிறையக் குடும்பம். எஞ்சின் வேகமாகச் சுற்றும், சக்கரம் மெதுவாக நகரும். மிச்சச் சக்தி சூடாகி எண்ணெயில் இறங்கும். 80, 90 டிகிரியில் இருக்க வேண்டிய எண்ணெய் 120-ஐத் தாண்டினால் கெடத் தொடங்கும். பிறகு 10 டிகிரி ஏற ஏற அதன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகக் குறையும். எண்ணெய் கருகினால் கியர் பெட்டியும் போகும். மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணத்தில் கை வைக்க வேண்டி வரும்!

ஆகவே, அடிக்கடி மலை ஏறுகிற ஆட்டோமேட்டிக் ஜீப்புக்குத் தனிக் கூலர் வைப்பது நல்லது என்பேன். கையால் கியர் போடும் பழைய ஜீப்புக்கு இது வேண்டாம். வேண்டும் என்று சொல்லுகிறவர் தம் பைக்காகச் சொல்லுகிறார்.

ஆனால் அரைகுறையாகப் பூட்டிய கூலர், கூலர் இல்லாததைவிட மோசம். கூலரை ரேடியேட்டருக்கு முன்னால், காற்றுப் படும்படி, இரும்புப் பட்டையில் திருகிப் பூட்ட வேண்டும். ரேடியேட்டரின் மெல்லிய தகட்டில் பிளாஸ்டிக் கயிற்றால் கட்டினால் உராய்ந்து ஓட்டை விழும். சூடான எண்ணெய் முதலில் ரேடியேட்டரில் ஆறி, பிறகு புதுக் கூலருக்கு வந்து, அங்கிருந்து பெட்டிக்குத் திரும்பட்டும். குழாய், கியர் எண்ணெய்க்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். தண்ணீர்க் குழாயை மாட்டி மிச்சம் பிடிப்பவர்களும் உண்டு! அது மலையில் வெடித்தால், எண்ணெய் முழுவதும் ரோட்டில்தான். கூலரும் கொஞ்சம் எண்ணெய் குடிக்கும். அளவு பார்த்து ஊற்றச் சொல்லுங்கள். கம்பெனி உத்தரவாதம் இருந்தால், அது போய்விடுமா என்று முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள்.

கூலர் இருந்தாலும் ஏற்றத்தில் 'லோ' கியரைப் போடுங்கள். சூட்டு விளக்கு எரிந்தால் சமமான இடத்தில் நிறுத்தி, கை பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் கொடுத்து, நியூட்ரலில் எஞ்சினைச் சும்மா ஓட விடுங்கள். எண்ணெய் சுற்றிச் சுற்றி ஆறும். இதற்குக் காலணா செலவில்லை.