எலுமிச்சம்பழம் வைக்கிற டயரையும் பாருங்க



தைப்பூசம் வருது. பத்துமலைக்கும் தண்ணீர்மலைக்கும் குடும்பத்தோட ராத்திரியில கார் ஏறுவோம். அதுக்கு முன்னாடி கோயில்ல கார் பூசை. நல்ல விஷயம்தான். மாலை, அர்ச்சனைன்னு தாராளமா செய்றோம். டயர்னு வந்தா மட்டும் 'அடுத்த மாசம் பாத்துக்கலாம்'ங்கிறோம். இது சரியில்லைன்னு ஒரு தொண்டூழியனா சொல்றேன்.

பழம் வைக்கக் குனியும்போது டயர் பள்ளத்தைப் பாருங்க. உள்ளே சின்ன மேடு இருக்கும். டயர் தேய்ஞ்சு அதுக்குச் சமமா வந்துட்டா மிச்சம் 1.6 மில்லிமீட்டர்தான். அதுக்குக் கீழே போனா சட்டப்படி குற்றம். மழைத் தண்ணியைத் தள்ள முடியாம கார் வழுக்கும். செகண்ட்ஹேண்ட் டயர் வாங்குறவங்க பக்கவாட்டுல இருக்கிற நாலு எண்ணைப் படிங்க. 2318-ன்னா 2018-ஆம் ஆண்டு 23-ஆவது வாரம் செஞ்சது. பளபளன்னு இருந்தாலும் ரப்பருக்கு வயசாயிடுச்சு.

மழையில குளிருதுன்னு ஏர்கோனை அடைக்காதீங்க. அஞ்சு பேர் மூச்சுக்காத்து கண்ணாடியில புகையாட்டம் படிஞ்சு ரோடே தெரியாது. அந்த ஈரத்தை ஏர்கோன்தான் இழுக்கும். குளிரைக் குறைச்சு, காத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்புங்க.

முருகன் துணை இருப்பான். டயர் மாத்துறது நம்ம வேலை. மொட்டை நம்ம தலைக்குப் போதும், டயருக்கு வேணாம்.