கட்டிங் மெஷின் வாங்கியிருக்கும் என் மருமகனுக்கும் மற்றவர்களுக்கும்

கொஞ்சம் நீளமான பதிவு. டீச்சர் மறுபடியும் வகுப்பெடுக்க ஆரம்பித்துவிட்டார் என்று தள்ளிவிடாமல் படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் என் தம்பி மகன் ஒரு வீடியோ போட்டிருந்தான். ஆன்லைனில் கட்டிங் மெஷின் வாங்கி, மொட்டை மாடியில் பழைய இரும்புக் கட்டிலின் காலை அறுக்கிறான். லுங்கி, ரப்பர் செருப்பு, கண்ணுக்குக் கண்ணாடி இல்லை. ஒரு கையில் மெஷின், இன்னொரு கையில் கட்டில் கால். தீபாவளி மத்தாப்பு மாதிரி பொறி பறக்கிறது. குரூப்பில் எல்லோரும் கை தட்டியிருக்கிறார்கள், என் அக்கா உட்பட. பெட்டியோடு வந்திருக்க வேண்டிய கார்டு, வீலை மூடும் அந்த அரைவட்டத் தகரம், மெஷினில் இல்லை. போன் போட்டுக் கேட்டேன். "அது மறைக்குது அத்தை, கழட்டி வச்சிட்டேன்" என்றான்.

இதே பதிலை நான் முன்பும் ஒரு முறை கேட்டிருக்கிறேன். 2018 தை மாதம் எங்கள் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தாயிற்று. ஜன்னல் கிரில் வேலை மட்டும் பாக்கி. செய்துகொண்டிருந்தவன் என்னிடம் நாலாம் வகுப்பு படித்தவன். பெயர் வேண்டாம், அவன் செட்டுக்காரர்களுக்குத் தெரியும். பதினைந்து வருஷ அனுபவம். மெஷினைப் பார்த்து, "இது மூடியில்லாமலே சுத்துதேப்பா" என்று கேட்டேன். "கார்டு மாட்டினா மூலைக்குப் போகாது டீச்சர், வேலை ஓடாது" என்றான். நானும் விட்டுவிட்டேன். விட்டது மட்டுமில்லை, "வெள்ளிக்கிழமை விசேஷம், புதன்கிழமைக்குள்ள முடிச்சிடுப்பா" என்று காலையும் மாலையும் நின்று சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சதுரக் குழாய் ஒன்றை இரண்டு பக்கமும் செங்கல்லில் தாங்கி வைத்து நடுவில் அறுத்தான். முக்கால்வாசி அறுபட்டதும் குழாய் நடுவில் தொய்ந்து, வெட்டின வாய் மூடி, வீலை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. மெஷின் எகிறிக் குழாயைப் பிடித்திருந்த இடது கையில் பாய்ந்தது. தஞ்சாவூருக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்தார்கள். கை பிழைத்தது. ஆனால் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இன்றுவரை மடங்கவில்லை. பைக்கில் கிளட்ச் பிடிக்க முடியாது. பட்டறையை மூடிவிட்டான். கிரில் வேறு ஆள் வந்து முடித்தார், விசேஷமும் நடந்தது. வந்தவர்கள் "அவன் கவனமா இருந்திருக்கணும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டுப் போனார்கள்.

இந்தக் 'கவனம்' என்ற வார்த்தையோடுதான் எனக்குச் சண்டை.

என் அப்பா தச்சர். உளி, இழைப்புளி, ரம்பம் இவற்றோடு ஐம்பது வருஷம் வேலை செய்தார். ரம்பம் கை நின்றால் நின்றுவிடும். வலித்ததும் கையை இழுத்துக்கொள்ளலாம். அங்கே கவனம் போதும். மெஷின் அப்படியில்லை. ஐந்தாம் வகுப்புக் கணக்குதான், போட்டுப் பாருங்கள். நாலு அங்குல வீல் என்றால் விட்டம் 100 மில்லிமீட்டர், சுற்றளவு 314 மில்லிமீட்டர். மருமகன் மெஷின் லேபிளில் நிமிடத்துக்கு 11,000 சுற்று என்று போட்டிருக்கிறது. வீலின் விளிம்பு ஒரு நிமிடத்தில் ஓடும் தூரம் 3,454 மீட்டர். மணிக்கு 207 கிலோமீட்டர்! சென்னை போகிற பஸ்கூட அதில் பாதி வேகம் போகாது. அந்த வேகத்தில் எகிறுவதைப் பார்த்துவிட்டுக் கையை எடுக்க எந்த மனிதனாலும் முடியாது. அதற்காகத்தான் அந்தத் தகரத்தை வைத்திருக்கிறார்கள். வீல் உடைந்தால் துண்டு முகத்துக்கு வராமல் தடுக்கவும், கை வீலுக்குள் போகாமல் தடுக்கவும். பொறி மேலே படுகிறது என்றால் கார்டைத் திருப்பி வைக்கலாம், கழற்ற வேண்டியதில்லை. மூலைக்குப் போகாத இடத்தை ஆக்சா பிளேடால் அறுக்கலாம். நேரமாகும். ஆகட்டுமே.

கார்டைக் கழற்றினால் அடுத்த விபரீதமும் சுலபமாகிவிடுகிறது: சின்ன மெஷினில் பெரிய வீலை மாட்டுவது. வீலின் மேலேயே அது தாங்கும் சுற்று அச்சிட்டிருக்கும். நாலு அங்குலத்துக்குப் பெரும்பாலும் 15,200 அல்லது அதை ஒட்டி இருக்கும். ஏழு அங்குலத்துக்கு 8,500 தான். அதை 11,000 சுற்றும் மெஷினில் மாட்டினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மரம் அறுக்கும் பல் பிளேடை இதில் மாட்டுகிறவர்களையும் பார்க்கிறேன். பல் மரத்தைக் கவ்வினால் மெஷின் கையில் நிற்காது. தயவுசெய்து வேண்டாம்.

மருமகனே, உனக்குக் குறிப்பாக. அறுக்கும் பொருளைக் கையில் பிடிக்காதே, வைஸிலோ கிளாம்பிலோ இறுக்கு. இரண்டு கையும் மெஷினில் இருக்கட்டும். பக்கவாட்டுக் கைப்பிடி அலங்காரத்துக்குக் கொடுக்கவில்லை. அறுபடும் துண்டு தானாகக் கீழே விழும்படி ஒரு பக்கத்தைத் தொங்க விடு. வீலுக்கு நேர்க்கோட்டில் நிற்காதே, சற்று விலகி நில். அழுத்தாதே. அழுத்தினால் சீக்கிரம் அறுபடும் என்று நினைக்கிறாய், வீல்தான் சூடாகித் தேயும். சுவிட்சை விட்ட பிறகும் வீல் சில விநாடி சுற்றும், நின்ற பிறகு கீழே வை. வீல் மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கிவிடு. கண்ணாடி போடு. லுங்கி வேண்டாம். மாடியில் துணி காயப் போட்டிருந்ததையும் வீடியோவில் பார்த்தேன், எடுத்துவிடச் சொல்.

டிரில்லிங் மெஷின் வைத்திருக்கும் மாணவிகளும் சிலர் இருக்கிறீர்கள். நீங்களே ஷெல்ஃப் மாட்டிய படங்களைப் பார்த்து மகிழ்ந்தேன். துப்பட்டாவைக் கழற்றிவிட்டு, கூந்தலைக் கொண்டை போட்டுக்கொண்டு டிரில் செய்யுங்கள். டிரில்லுக்குக் கையுறை கூடாது, சுற்றும் பிட்டு நூலைப் பிடித்தால் விரலையும் சேர்த்து இழுக்கும். சுவிட்ச் பாக்ஸுக்கு நேர் மேலேயும் கீழேயும் துளை போடாதீர்கள், ஒயர் அந்த வழியாகத்தான் போகும். டைல்ஸில் ஹாமர் வைக்காமல் மெதுவாகத் துளைத்து, சுவர் வந்த பிறகு ஹாமருக்கு மாற்றுங்கள். பிளக் உடைந்துவிட்டது என்று ஒயரைத் தீக்குச்சி வைத்துச் சொருகுகிறவர்களை ஒரு காலத்தில் பெஞ்ச் மேல் ஏற்றியிருப்பேன்.

இனி வீடு கட்டுகிறவர்களுக்கு. கார்டு இல்லாத மெஷினோடு வேலைக்கு வந்தால் கேளுங்கள். "மாட்டிட்டு செய்யுங்க, ஒரு நாள் கூடினாலும் பரவாயில்லை, அந்த நாள் கூலி நான் தரேன்" என்று சொல்லுங்கள். அவர்களுக்குத் தெரியாமல் கழற்றுவதில்லை. நாம் நின்று விரட்டுவதால் கழற்றுகிறார்கள். பேசின தொகையில் இரண்டு நாள் கூடினால் அவர்களுக்குத்தான் நஷ்டம். நான் அன்று ஒரு நாள் கூலியைக் கூட்டிக் கொடுத்திருக்கலாம், இல்லை கிரில் இல்லாமலே பால் காய்ச்சியிருக்கலாம். ஜன்னலுக்கு ஒரு துணியைக் கட்டினால் முடிந்தது. அந்த யோசனை எனக்கு அந்த வாரம் வரவேயில்லை.

அவன் இப்போது ஒரு ஹார்டுவேர் கடையில் நிற்கிறான். வீல் வாங்க வருகிறவர்களிடம் "கார்டு இருக்கா?" என்று கேட்கிறானாம். முதலாளிக்குப் பிடிப்பதில்லை, ஆனாலும் கேட்கிறான். போன மாதம் போயிருந்தேன். இடது கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டே, "வாங்க டீச்சர்" என்றான்.

மருமகனே, கார்டை மாட்டி ஒரு போட்டோ எடுத்துக் குரூப்பில் போடு. மீதி மூன்று கால்களை அதற்குப் பிறகு அறுக்கலாம்.