ஆலைக்கு மனை உண்டு, ஆளுக்கு அறை இல்லை

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள தெருக்களில் ‘டு-லெட்’ பலகைக்குப் பஞ்சமில்லை. வீடுதான் கிடைப்பதில்லை. புதுகும்மிடிப்பூண்டியிலோ பெத்திக்குப்பத்திலோ பலகையில் இருக்கும் எண்ணுக்குப் போன் செய்தால் வாடகையைப் பற்றிப் பேசவே நேரமாகும். ஃபேமிலியா, பேச்சிலரா? எந்த ஊர்? எந்தக் கம்பெனி? பர்மனென்ட்டா, கான்ட்ராக்ட்டா? கறி, மீன் சமைப்பீங்களா? கடைசிக் கேள்வி பல சமயம் சாதியைக் கேட்காமல் கேட்பது. இவ்வளவிலும் தேறியவரிடம்தான் அட்வான்ஸ் பேச்சு தொடங்கும். அது ஐந்து மாத வாடகையா பத்து மாத வாடகையா என்பது கேட்பவரின் அவசரத்தைப் பொறுத்தது.

ஊருக்குள் இப்படி. ஆலை வாசல்களை ஒட்டிய கிராமங்களிலோ நிலைமை தலைகீழ். அங்கே குடும்பத்துக்குத்தான் இடமில்லை. சிமெண்ட் ஷீட் போட்ட லைன் வீடுகளில் வாடகை தலைக்கு இவ்வளவு என்று வசூலாகிறது. ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை ஒன்றை ஒரு தம்பதிக்கு விட்டால் நாலாயிரம் ரூபாய் வரும். அதே அறையில் ஆறு பேரைப் படுக்கவைத்துத் தலைக்கு ஆயிரத்து இருநூறு வாங்கினால் ஏழாயிரத்து இருநூறு. பகல் ஷிஃப்டுக்காரர் எழுந்த பாயில் இரவு ஷிஃப்டு முடித்தவர் வந்து படுப்பதாக இருந்தால் ஆறு பேர் பன்னிரண்டு பேராவார்கள். எந்த உரிமையாளர் தம்பதியைத் தேர்ந்தெடுப்பார்? காலங்காலமாக அங்கே வாடகைக்கு இருந்த உள்ளூர்க் கூலிக் குடும்பம் கவரைப்பேட்டைக்கும் பொன்னேரிக்கும் நகர்கிறது. ஒடிசாவிலிருந்தும் பிஹாரிலிருந்தும் வந்த இளைஞர்கள் அறைக்குள் அடைபடுகிறார்கள். ‘வடக்கிலிருந்து வந்தவங்களால வாடகை ஏறிப்போச்சு’ என்கிறது உள்ளூர். ‘காசு கொடுத்தாலும் வீடு தர மாட்டேன்கிறார்கள்’ என்கிறார் வந்தவர். இருவர் சொல்வதும் உண்மை. தட்டுப்பாட்டை உண்டாக்கியவர் மட்டும் இந்த இரண்டு பேரில் இல்லை.

அதை உண்டாக்கியது நம் தொழிற்கொள்கை. தீர்க்கும் பொறுப்பும் சிப்காட்டுக்கும், அதன் மனைகளில் ஆலை நடத்துகிறவர்களுக்குமே உரியது. வீட்டு உரிமையாளரின் நல்ல மனதை நம்பி விட்டுவிடுகிற விஷயமல்ல இது.

மாநில அரசின் தொழில் மேம்பாட்டுக் கழகமான சிப்காட் 1971-இல் தொடங்கியதிலிருந்து தருவது என்ன? மனை, சாலை, மின்சாரம், தண்ணீர், வடிகால். எல்லாம் இயந்திரத்துக்கு வேண்டியவை. கும்மிடிப்பூண்டியை அடுத்த தேர்வாய்கண்டிகையில் ஊராரின் எதிர்ப்பையும் மீறி நிலம் எடுக்கப்பட்டு தொழிற்பூங்கா அமைந்தது. பக்கத்திலேயே கண்ணன்கோட்டை–தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் 2020 நவம்பரில் சென்னையின் குடிநீருக்காகத் திறக்கப்பட்டது. ஆலைக்கு நிலம், நகரத்துக்குத் தண்ணீர் என்று எல்லாவற்றுக்கும் திட்டம் இருந்தது. முதலீட்டு ஒப்பந்த விழாக்களில் இத்தனை ஆயிரம் கோடி, இத்தனை ஆயிரம் வேலை என்று மேடையில் அறிவிக்கிறார்கள். இத்தனை படுக்கை என்று யாரும் அறிவித்ததில்லை. கும்மிடிப்பூண்டி இருக்கும் திருவள்ளூர் மாவட்டத்தின் மக்கள்தொகை 2001-இல் 27.5 லட்சம், 2011-இல் 37.28 லட்சம். பத்தே ஆண்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடியது. அதற்குப் பிறகு கணக்கே எடுக்கவில்லை. எண்ணப்படாத மக்களுக்கு வீடு திட்டமிட முடியாது என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். சொல்லட்டும், ஆனால் அதே அதிகாரிகள்தான் எண்ணாமலேயே அவர்களுக்காக வேலைகளைத் திட்டமிடுகிறார்கள்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1955-இல் பெரம்பூரில் ரயில்பெட்டித் தொழிற்சாலை வந்தபோது கூடவே குடியிருப்பும் வந்தது. நெய்வேலியில் சுரங்கத்தோடு நகரியம் எழுந்தது. திருச்சி பெல் நிறுவனத்துக்குக் கைலாசபுரம். இதே மாவட்டத்தின் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் ஊழியர்களுக்குக் குவார்ட்டர்ஸ் கட்டியது. ஆலைக்கு ஆள் வேண்டும், ஆளுக்கு வீடு வேண்டும் என்பது அன்று விவாதத்துக்குரியதாகவே இல்லை. பொற்காலம் என்று அதைச் சொல்லவில்லை. அந்தக் காலனிகளின் சுவருக்கு வெளியே கான்ட்ராக்ட் கூலிகள் குடிசையில்தான் இருந்தார்கள். இன்றோ பெரும்பாலோர் அந்தச் சுவருக்கு வெளியேதான். ஆலைகளின் பதிவேட்டில் நிரந்தரத் தொழிலாளர் சிலரே. மற்றவர் ஒப்பந்ததாரரின் ஆட்கள், பயிற்சியாளர்கள். ‘எங்கள் ஊழியர் இல்லை’ என்று சொல்லிவிட்டால் ஊதியப் பொறுப்போடு வீட்டுப் பொறுப்பும் தீர்ந்தது.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை என்பதுதான் வேடிக்கை. மாநிலங்களுக்கிடையே புலம்பெயரும் தொழிலாளருக்கான 1979-ஆம் ஆண்டுச் சட்டம், வேலைக்காலம் முழுவதும் தகுந்த உறைவிடம் தரவேண்டிய கடமையை ஒப்பந்ததாரர் மேல் வைத்தது. நாற்பது ஆண்டுக்கு மேல் அது ஏட்டில் கிடந்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அதன் இடத்தை எடுத்துக்கொண்டுவிட்டன. பழைய கடமை மாநில விதிகளில் ஐயத்துக்கு இடமின்றி எழுதப்பட வேண்டும். இல்லாவிட்டால் மீறுவதற்குக்கூட ஒரு விதி இருக்காது.

அரசுக்கு இது தெரியாததல்ல. 2021 டிசம்பரில், இதே மாவட்டத்தில், பூந்தமல்லி அருகே, ஆப்பிள் கைபேசி தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் கெட்டுப்போன உணவால் நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகளுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாத ஆத்திரத்தில் மற்றவர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலை மூடப்பட்டது. விடுதிகள் தங்கள் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அதன் பிறகு நடந்ததைக் கவனிக்க வேண்டும். 2024 ஆகஸ்டில் ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில், 706.50 கோடி ரூபாயில், ஃபாக்ஸ்கான் ஊழியருக்காக 18,720 படுக்கைகள் கொண்ட குடியிருப்பை சிப்காட் கட்டித் திறந்தது. மூன்றே ஆண்டில்! சிப்காட்டால் முடியாது, நிதி கிடைக்காது, நிலம் இல்லை என்ற சாக்குகள் எல்லாம் அன்றோடு செல்லாமல் போய்விட்டன. உலகச் சந்தை கவனிக்கும் ஒரு கைபேசிக்காக முடிந்தது, கும்மிடிப்பூண்டியின் இரும்பு உருக்காலைகளில் கம்பி இழுப்பவருக்காக ஏன் முடியக்கூடாது? அவரும் நெடுஞ்சாலையில் வந்து உட்கார வேண்டுமா?

வல்லம் வடகாலை அப்படியே நகல் எடுக்கச் சொல்லவில்லை. ஒரே நிறுவனத்தின் ஊழியருக்கான விடுதியில் வேலை போனால் படுக்கையும் போகும். ‘ஓவர்டைம் முடியாது’ என்று சொல்ல நினைப்பவரின் வாயை அந்த ஒன்றே அடைத்துவிடும். படுக்கை தொழிலாளியின் பெயரில் இருக்க வேண்டும், கம்பெனியின் பெயரில் அல்ல. கேரளத்தில் பாலக்காடு மாவட்டம் கஞ்சிக்கோட்டில் 2019-இல் திறக்கப்பட்ட ‘அப்னா கர்’ இன்னொரு வகை முயற்சி. அரசு கட்டிய, 620 பேர் தங்கக்கூடிய வாடகை விடுதி அது. அளவில் சிறியது, ஆனால் வெளிமாநிலத் தொழிலாளிக்கு வீடு தருவதும் அரசின் வேலை என்று அது சொன்னது. இன்னொரு பக்கம் சிங்கப்பூர். நம் ஊர்ப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் அங்கே விடுதிகளில் தங்கிப் பாடுபடுகிறார்கள். ஆயிரம் படுக்கையோ அதற்கு மேலோ உள்ள விடுதிகளுக்கு உரிமம் கட்டாயம் என்று 2015-இல் சட்டம் செய்த அந்த நாடு, 2020-இல் கொரோனா அந்த விடுதிகளிலேயே மூண்டதைப் பார்த்த பிறகு, 2023 முதல் ஏழு படுக்கை உள்ள இடத்தையும் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. ‘நம் பையனை அங்கே எப்படி அடைத்து வைத்திருக்கிறார்கள்’ என்று கவலைப்படும் அப்பாக்களில் சிலர், இங்கே ஓர் அறையில் எட்டுப் பேரை வைத்து வாடகை வாங்குகிறார்கள். நம் மாநிலத்தில் 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள் விடுதி நடத்த மாவட்ட ஆட்சியரின் உரிமம் வேண்டும். ஆண்கள் அடைந்து கிடக்கும் லைன் அறைகளுக்கு அப்படி எந்த உரிமமும் இல்லை, ஆய்வும் இல்லை.

இனி, ஏற்கெனவே கையில் இருக்கும் சட்டம். 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு 2017-இல் இயற்றிய நில உரிமையாளர்–வாடகைதாரர் சட்டம் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகார அமைப்பிடம் பதிய வேண்டும். தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தி ஆளை விரட்டக்கூடாது. அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது. இந்தக் கடைசி விதியில் ஓர் ஓட்டை: ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொண்டால் மூன்று மாத வரம்பு பொருந்தாது. வீடு கிடைத்தால் போதும் என்று நிற்பவர் எதில்தான் கையெழுத்துப் போடமாட்டார்? அந்த ஓட்டையைச் சட்டமன்றம் அடைக்க வேண்டும். சாதி, மதம், மொழி, உணவு ஆகியவற்றைக் காட்டி வீடு மறுப்பதைப் பற்றி இந்தச் சட்டம் வாயே திறக்கவில்லை. அதுவும் சேர்க்கப்பட வேண்டும்.

மின்சாரத்தில் நடப்பது இன்னும் கொடுமை. இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம் என்று அரசு வீட்டு இணைப்புகளுக்கு மானியம் தருகிறது. ஒரே மீட்டரில் ஐந்தாறு அறைகளை ஓட்டும் உரிமையாளர் ஒவ்வோர் அறைக்கும் சப்-மீட்டர் வைத்து முதல் யூனிட்டிலிருந்தே காசு வாங்குகிறார். ஏழைக்கென்று அரசு கொடுப்பது உரிமையாளரின் பையில் நிற்கிறது. வாடகை ரசீது இல்லாததால் முகவரி இல்லை. முகவரி இல்லாததால் சமையல் எரிவாயு இணைப்பு இல்லை. சின்ன சிலிண்டரைக் கள்ளத்தனமாக நிரப்பி, ஆறு பேர் படுக்கும் அறையிலேயே அடுப்பு மூட்டுகிறார்கள். ஒரு விபத்து நடந்தபின் விசாரணைக் குழு போடுவதில் நமக்குக் குறை வந்ததில்லை.

வீட்டு உரிமையாளர்களின் அச்சம் முழுக்கக் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. 2025 ஜூலையில் ஆரம்பாக்கம் பகுதியில் ஒரு சிறுமிக்கு நேர்ந்த கொடுமையும், அதில் வெளிமாநில இளைஞர் ஒருவர் கைதானதும் வட்டாரத்தையே உலுக்கின. ‘தெரியாதவங்களுக்கு எப்படி வீடு விடுறது’ என்று கேட்கும் தாயை நாம் கேலி செய்ய மாட்டோம். ஆனால் ஒருவர் குற்றத்துக்காகப் பல்லாயிரம் பேரை ஊருக்கு வெளியே தள்ளினால் அவர்கள் மறைந்துவிடப் போவதில்லை. பதிவில்லாத அறைகளுக்கும் பெயரில்லாத இடைத்தரகர்களிடமும்தான் போவார்கள். எழுதிய ஒப்பந்தம், பதிந்த முகவரி, உரிமம் பெற்ற விடுதி ஆகியவைதான் போலீஸுக்கும் உதவும், பக்கத்து வீட்டுக்காரருக்கும் உதவும். 2023 மார்ச்சில் வடமாநிலத்தவர் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது, எத்தனை பேர் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாமல் அரசு இயந்திரமே திணறியதை மறந்துவிடக்கூடாது.

லைன் வீடு கட்டியவர்களை எதிரிகளாகப் பார்க்கவும் வேண்டாம். சிப்காட்டுக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு, மிஞ்சிய அரை கிரவுண்டில் அறைகள் போட்டு வாழ்கிறவர்கள் அவர்களில் பலர். அறைக்கு இத்தனை பேர், இத்தனை பேருக்கு ஒரு கழிப்பறை, காற்று வர ஜன்னல், தனி மின் இணைப்பு என்று எளிய விதிகளை ஊராட்சிகள் வகுக்கட்டும். அந்த விதிக்கு மாற்றிக் கட்டுபவருக்குக் கூட்டுறவு வங்கிக் கடனும் சொத்துவரிச் சலுகையும் தரலாம். இடித்துத் தள்ளும் நோட்டீஸ் ஒட்டினால் இருக்கிற படுக்கைகளும் போய்விடும்.

வேலை முடிந்து சென்னைக்குத் திரும்பிக்கொள்ளலாமே என்பவர்கள் ஒருமுறை மாலை நேர கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஏறிப் பார்க்கட்டும். சென்ட்ரலிலிருந்து நாற்பத்தைந்து கிலோமீட்டருக்கு மேல். புறநகர் வண்டியும் விரைவு வண்டியும் சரக்கு வண்டியும் பகிர்ந்துகொள்ளும் பாதை. இரவு பத்து மணிக்கு ஷிஃப்டு விடுகிறவருக்கு அந்த ரயில் வீட்டுக்கு மாற்றாகாது.

மாநெல்லூர், சூரப்பூண்டி பகுதியில் சிப்காட்டின் அடுத்த தொழிற்பூங்கா வரவிருக்கிறது. தேர்வாய்கண்டிகையில் செய்த தவறை அங்கேயும் செய்ய வேண்டியதில்லை. மனை ஒதுக்கீட்டு ஆணையிலேயே, ஒப்பந்தத் தொழிலாளரையும் சேர்த்துக் கணக்கிட்டு, இத்தனை பேருக்கு இத்தனை படுக்கை என்ற நிபந்தனை இடம்பெற வேண்டும். கட்ட முடியாத சிறு ஆலைகள் அதற்கான பங்கை சிப்காட்டிடம் கட்டட்டும். சிப்காட் கட்டி, யாரிடம் வேலை செய்தாலும் தங்கலாம் என்ற விதியோடு வாடகைக்கு விடட்டும். அதில் ஒரு பகுதி உள்ளூர்க் குடும்பங்களுக்கு. மாவட்ட ஆட்சியர் வாடகை அதிகார அமைப்பின் முகாமை மாதம் ஒருமுறை கும்மிடிப்பூண்டியில், தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் அறிவித்து, ஞாயிற்றுக்கிழமையில் நடத்த வேண்டும். மாநெல்லூரில் முதல் மனைக்கான ஆணை கையெழுத்தாகும் முன்பே தொழில் துறை இந்த நிபந்தனையை அரசாணையாக வெளியிட வேண்டும்.