தேவகோட்டைக்குப் பிறகு யார்?

சிவகங்கை மாவட்டத் தேவகோட்டையில் 1926-இல் பிறந்த தமிழ்வாணன், 'கல்கண்டு' இதழின் ஆசிரியராக இருந்து ஒரு தலைமுறைக்கே மர்மக்கதைப் பசியை மூட்டினார். அவருடைய துப்பறியும் சங்கர்லால் தேநீரும் கையுமாக உலகம் சுற்றினார். 1972-இல் சிவகாசியின் முத்து காமிக்ஸ், முதல் இதழிலேயே இரும்புக்கை மாயாவியை இறக்கியது. மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறையும். இரும்புக் கை மட்டும் தெரியும். என்ன ஒரு கற்பனை!

ஆனால் சங்கர்லால், மாயாவி இருவருமே வயதில் பெரியவர்கள்.

1962-இல் அமெரிக்காவில் பிறந்த ஸ்பைடர்மேன் பள்ளி மாணவன். வில்லனை அடக்கிய கையோடு வீட்டுப்பாடத்துக்கும் அத்தையின் கேள்விகளுக்கும் பதில் சொல்ல வேண்டியவன். சிரிப்பு அங்கேதான் பிறக்கிறது. அப்படிச் சிரிப்பும் சாகசமும் கலந்த இளையோர் நாவல்கள் தமிழில் மிகக் குறைவு. இது பெரிய இழப்பு. களத்துக்கா பஞ்சம்? செட்டிநாட்டுப் பெரிய வீடுகளுக்கு முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். வளவு, இரண்டாம் கட்டு என நீளும் அந்த வீடுகளில் துரத்தல் காட்சிக்கு எத்தனை வழி! பறக்கத் தெரிந்த காரைக்குடிப் பத்தாம் வகுப்பு மாணவி, ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வந்து இறங்கி அப்பத்தாவிடம் மாட்டிக்கொள்ளும் நாவலைப் பதிப்பகங்கள் இளம் எழுத்தாளர்களிடம் கேட்டு வாங்க வேண்டும்.